பெரிய மருந்து நிறுவனத்தில் வேலை: நிலையானது என்பது எவ்வளவு உண்மை?

வேதியியலோ மருந்தியலோ படித்து முடித்த பிள்ளைகள், பெரிய மருந்து நிறுவனத்தில் சேரலாமா என்று கேட்டால், நல்ல சம்பளம், நிலையான வேலை, கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இத்துறையின் தர உறுதிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதை ஏற்கிறேன். நிலையான வேலை என்பதை ஏற்க இயலவில்லை.

சம்பளம், காப்பீடு, விடுப்பு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைவிடப் பெரிய ஆதாயமாக நான் கருதுவது, அங்கே கைவரும் ஒழுங்கு. ஒரு மாத்திரையின் எடையைத் தயாரிப்புப் பதிவேட்டில் தவறாகக் குறித்துவிட்டால், அதன் மேல் வெள்ளை மை பூசவோ, தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதவோ கூடாது. பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, காரணத்தைக் குறித்து, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். எழுதப்படாதது செய்யப்படாதது என்பதே அங்கே வேதவாக்கு. புதிதாகச் சேர்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும்தான். ஆனால் ஒரு தொகுதி மருந்தைப் பற்றிக் காலம் கடந்து புகார் வரும்போது, எந்த இயந்திரத்தில், யாருடைய கையில், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை அந்தக் கோடுகளைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். சிறிய நிறுவனங்களிலும் இதே விதிகள் உண்டு என்றாலும், அவற்றை அன்றாடப் பழக்கமாக்கும் ஆள்பலமும் பயிற்சியும் பெரிய இடங்களில்தான் மிகுதி.

அதற்குக் கொடுக்கும் விலை, அறிவு குறுகிப்போவது. மாத்திரை கரையும் வேகத்தை அளக்கும் ஒரே சோதனையை ஆண்டுக்கணக்காகச் செய்துவிட்டு, அந்த மருந்து எப்படித் தயாராகிறது என்பதையே பார்த்திராதவர்களை நான் அறிவேன். சிறிய நிறுவனத்தில் ஒருவரே மூலப்பொருள் வாங்குவது முதல் ஒப்புதலுக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாவற்றிலும் கைவைத்தாக வேண்டும். மூச்சு முட்டும், ஆனால் தொழில் தெரிந்துவிடும்.

இனி நிலைத்தன்மைக்கு வருகிறேன். ஒரு புதிய மருந்து ஆய்வகத்திலிருந்து கடைக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் மூலக்கூறுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் ஒப்புதல் வரை தேறுகிறது. ஆகவே, தம் உழைப்பின் விளைவு நோயாளியைச் சென்றடைவதைப் பார்க்காமலே ஓய்வுபெறும் விஞ்ஞானிகள் ஏராளம். வெற்றி பெற்றாலாவது வேலை நிலைக்குமா என்றால், அதற்கும் உத்தரவாதமில்லை. கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டார், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் இருந்த பார்க்-டேவிஸ் ஆய்வகத்தில் பிறந்து, உலகிலேயே மிக அதிகமாக விற்பனையான மருந்தாக வளர்ந்தது. 2000இல் பார்க்-டேவிஸின் தாய் நிறுவனமான வார்னர்-லாம்பர்ட்டை ஃபைசர் வாங்கியது. லிப்பிட்டாருக்கு அடுத்தபடியாக ஃபைசர் நம்பியிருந்த டார்செட்ராபிப் மருந்தின் சோதனை, அதை உட்கொண்டவர்களிடையே இறப்புகள் கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே ஃபைசர் அறிவித்த பெரும் ஆட்குறைப்பில், சுமார் 2,100 பேர் வேலை பார்த்த ஆன் ஆர்பர் வளாகம் மூடப்படும் பட்டியலில் இடம்பெற்றது. வயாகராவைக் கண்டறிந்த இங்கிலாந்தின் சாண்ட்விச் வளாகத்திலிருந்து வெளியேறும் முடிவை 2011இல் அதே நிறுவனம் அறிவித்தது. அங்கே பணியாற்றியவர்கள் திறமைக் குறைவால் வேலை இழக்கவில்லை. பிற நிறுவனங்களும் அதே மருந்தை மலிவாக விற்க வழிவிடும் காப்புரிமை முடியும் தேதியும், நிறுவன இணைப்புக் கணக்குகளும் ஆய்வகத்துக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன.

இந்த வேலையில் மனசாட்சி உறுத்தாதா என்ற கேள்விக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. ஒட்டுண்ணிப் புழுவால் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் வரை இலவசமாகத் தருவதாக 1987இல் அறிவித்து அதைக் காப்பாற்றிவரும் அதே மெர்க் நிறுவனம்தான், மாரடைப்பு அபாயம் காரணமாக 2004இல் வயாக்ஸ் என்ற வலிநிவாரணியைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்த அபாயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டில் ஆயிரக்கணக்கான வழக்குகளையும் சந்தித்தது. இரண்டிலும் உள்ளே இருந்தவர்கள் நம்மைப் போன்ற ஊழியர்களே. இந்த நெருக்கடியை மிகக் கூர்மையாக உணர்பவர்கள் விற்பனைப் பிரதிநிதிகள் என்பது என் எண்ணம். மாத இலக்கை எட்டாவிட்டால் கேள்வி கேட்கும் மேலாளர், அதை எப்படி எட்டினீர்கள் என்று கேட்பது அபூர்வம்.

இவ்வளவுக்குப் பிறகும், வேலையின் தொடக்க ஆண்டுகளைப் பெரிய நிறுவனத்தில் கழிப்பதையே பரிந்துரைப்பேன். சேரும் முன், அந்நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு எந்த மருந்திலிருந்து வருகிறது, அதன் காப்புரிமை எந்த ஆண்டு முடிகிறது, சேரப்போகும் பிரிவு நம்பியிருக்கும் மருந்து சோதனையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை ஆண்டறிக்கையிலேயே கிடைக்கும். மீதியை நேர்காணலில் தயங்காமல் கேட்கலாம்.