ஸ்காண்டிநேவியத் துறை ஆய்வு மாணவர்கள் ஏன் தனித்தனியாகக் கிடக்க வேண்டும்?

முனைவர் பட்டத்துக்கு நல்ல நெறியாளர் அமைந்துவிட்டால் போதும் என்பார்கள். என் அனுபவத்தில் போதாது. எழுதிய பத்துப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இந்த இடத்தில் வாதம் நிற்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சக மாணவரும் வேண்டும். நான் ஆய்வு செய்தது ஸ்காண்டிநேவியத் துறையில், அதாவது நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் மொழிகளையும் இலக்கியத்தையும் படிக்கும் துறையில். அங்கே அப்படி ஒருவர் கிடைப்பதுதான் பெரும்பாடு.

இத்தனைக்கும் அமெரிக்காவில் இது பழைய துறை. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இந்தத் துறையை 1875இலேயே தொடங்கிவிட்டது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1909. ஸ்காண்டிநேவிய ஆய்வு வளர்ச்சிக்கான சங்கம் 1911இல் உருவாகி, இன்றும் ஆண்டு மாநாடு நடத்துகிறது. ஆனால் ஒரு துறையில் வருடத்துக்கு ஒருவரோ இருவரோ ஆய்வுக்குச் சேர்ந்தாலே பெரிது. இருக்கும் சிலரிலும் ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதைகளில் இருப்பார், இன்னொருவர் சுவீடன் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் நாடகங்களில், மற்றொருவர் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி (Sámi) பழங்குடியினரின் மொழிக் கவிதையில். ஒருவர் படிக்கும் மூல நூலை அடுத்தவரால் படிக்க முடியாது. ஒரே நடைபாதையில் அறை இருந்தும், பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி.

இதற்கு மருந்தாகத் துறைகள் வைப்பது வரவேற்பு விருந்து. செப்டம்பரில் ஒரு மாலை, கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் காபி. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேர்ந்து ஒரு வேலை செய்யாமல் யாரும் நெருங்குவதில்லை.

இடைக்கால ஐஸ்லாந்து, நார்வேயின் மொழியான பழைய நார்ஸ் படிப்பவர்களைப் பாருங்கள். ஐஸ்லாந்து அறிஞர் ஆர்னி மக்னூசன் திரட்டிய சுவடிகள் 1728இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் பெரும்பகுதியை எரித்த தீயிலிருந்து பெரும்பாலும் தப்பின. 1971இலிருந்து அவற்றில் ஒரு பகுதி ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. இன்று அந்தத் தொகுப்பைக் காக்கும் கோபன்ஹேகன் நிறுவனமும் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் நிறுவனமும் சேர்ந்து, மாறி மாறிக் கோடைக்காலப் பள்ளி நடத்துகின்றன. பல நாட்டு மாணவர்கள் ஒரே தோல் ஏட்டைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள். எழுத்தர் தோலை மிச்சப்படுத்த வார்த்தைகளைச் சுருக்கியிருப்பார். எழுத்தின் காலில் ஒரு கோடு, தலையில் ஒரு சுழி, சில இடங்களில் முழுச் சொல்லுக்குப் பதிலாக ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்து ஒன்று. ஒருவர் கோடு என்பார், அடுத்தவர் அழுக்கு என்பார், மூன்றாமவர் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார். இப்படி ஒரு வாரம் வாதாடியவர்கள் அதற்கப்புறம் வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நவீன இலக்கியம், சினிமா என்று ஆய்வு செய்பவர்களுக்கு அப்படியொரு பொது ஏடு கிடையாது. ஆனால் பொது வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை: மொழி வகுப்பு. அமெரிக்காவில் இந்தத் துறை மாணவர்களில் பெரும்பாலோர் முதலாண்டு மாணவர்களுக்கு மொழி கற்றுக்கொடுத்துத்தான் உதவித்தொகை வாங்குகிறார்கள். ஒருவர் நார்வீஜியன் நடத்துவார், பக்கத்து அறையில் இன்னொருவர் சுவீடிஷ். இரண்டிலும் வாக்கியத்தை 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து வினை வந்தாக வேண்டும், எழுவாய் அதன் பின்னால்தான். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் இரண்டு வகுப்பிலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை இரவில் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே பயிற்சித்தாளைத் தயாரிக்கிறார்கள். எவ்வளவு உழைப்பு வீண்! சேர்ந்து தயாரித்தால் நேரமும் மிஞ்சும், பேச்சும் தொடங்கும். டேனிஷ் கற்பிப்பவரையும் சேர்த்துக்கொள்ளலாம், விதி அங்கேயும் அதேதான்.

நார்வேயில் நிலைமை வேறு. அங்கே முனைவர் மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பதினொன்றரை மணிக்கெல்லாம் மதியச் சாப்பாட்டு மேசையில் பேராசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்கு அந்த மேசையில் ஓடும் வட்டார வழக்குப் பேச்சு பாதி பிடிபடாது.

இதிலெல்லாம் கடினமானது வேறொன்று. இந்தத் துறையில் ஆசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. யாரிடம் என் அத்தியாயத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறேனோ, அவரே நாளை அதே ஒற்றை வேலைக்கு விண்ணப்பிப்பார். இந்தப் பயம் நிஜம், அதைப் பேசாமல் "எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சொல்வது மாணவர்களை ஏமாற்றுவது. அப்படியிருந்தும் காட்டத்தான் வேண்டும் என்பேன். நம் வாதத்தின் ஓட்டை தேர்வுக்குழுவின் முன்னால் தெரிவதைவிட நண்பரிடம் தெரிவது எவ்வளவோ மேல். வேறு பக்கம் போனவர்களையும் விட்டுவிடக் கூடாது. நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் போனவர்களை வருடம் ஒருமுறையாவது கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் பதவி மட்டுமே வாழ்க்கை இல்லை என்பதை அவர்கள் சொன்னால்தான் மாணவர் நம்புவார்.

துறைகள் மீது எனக்குக் கோபமும் உண்டு. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அறையும் சின்னத் தொகையும் கேட்டபோது, "மாணவர்களே பார்த்துக்கொள்ளலாமே" என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டோம். மொத்தச் சுமையும் ஒரு தோழியின் தலையில் விழுந்தது. அறை பிடிப்பது, நினைவூட்டுவது, புதிதாக வருபவரை அழைத்து உட்கார வைப்பது எல்லாம் அவரே. அவர் பட்டம் வாங்கிப் போனார், வட்டமும் கலைந்தது.

இதை வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நார்வேயின் நான்கு வருட நியமனத்தில் கால்பங்கு நேரம் துறைக்கான கடமைப் பணிக்கு என்றே ஒதுக்கப்படுகிறது. வாசிப்பு வட்டம் நடத்துவதை அந்தக் கால்பங்கில் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அமெரிக்கத் துறைகள் ஒருங்கிணைக்கும் மாணவருக்கு ஒரு பருவத்தில் ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுக்கலாம்.

துறை முன்வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த இலையுதிர்காலத்தில் சேரப்போகிறவர்கள், நீங்கள் கற்பிக்கும் அதே மொழியைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் யார் கற்பிக்கிறார் என்று தேடி, முதல் வாரமே உங்கள் பயிற்சித்தாளை அனுப்புங்கள். மாநாட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய், நாலைந்து பேராக உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயம் வாசியுங்கள். இறுதி வடிவம் வேண்டியதில்லை, அரைகுறையாக இருந்தாலும் கொண்டுபோங்கள்.