கூண்டுக்கிளி வேண்டாம்
வீட்டில் வளர்க்க ஏற்ற செல்லப்பிராணி எது என்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பச்சைக்கிளியே ஏற்றது என்று அக்கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நம் வயல்களில் பறந்து திரியும் அந்தக் கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஒரு வரியேனும் சொல்லியிருக்க வேண்டும். கிளிக்குப் பதிலாக, மன்னார்குடி அருகே எங்கள் வீட்டில் நாட்டு நாய் ஒன்று வளர்கிறது. சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அது தாங்குகிறது. அடர்ந்த ரோமமுள்ள ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு இனங்கள் இந்தப் புழுக்கத்தில் படும் பாடு பார்க்கச் சகிக்காது. நடவுக் காலத்தில் வீட்டார் அனைவரும் வயலில் இருக்கும்போது எங்கள் நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைப்பது யார் என்பதைக் குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சும் வீட்டில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.