பிச்சுப் போட்ட கோழிக்கு எதுக்கு மயோனைஸ்?

சிக்கன் சாலட் என்றதும் மயோனைஸ் பாட்டிலைத் தேடுகிறவர்களோடு எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. நான் செங்கோட்டைக்காரன். பிரானூர் பார்டர் கடைகளில் பரோட்டாவோடு 'பிச்சுப் போட்ட கோழி' தின்று வளர்ந்தவன். வெந்த கோழியை நார் நாராகப் பிய்த்து, மிளகு தூக்கலாகப் புரட்டித் தருவார்கள். கத்தி வைத்த துண்டில் காரம் மேலோடு நின்றுவிடும். கையால் பிய்த்ததில்தான் உள்ளே இறங்கும். சாலட்டுக்கும் அதே கதைதான்.

போன மாதம் கேரளத்துப் புனலூரில் அக்கா வீட்டில் சிக்கன் சாலட் செய்தேன். அத்தான் மயோனைஸ் கட்சி. அரபு நாட்டுச் சமையலான குழிமந்தியும் (கறிச் சோறு) அல்ஃபாமும் (சுட்ட கோழி) வந்த பிறகு ஆரியங்காவு தாண்டினால் அது இல்லாமல் யாருக்கும் கோழி இறங்குவதில்லை. (1956 நவம்பர் வரை செங்கோட்டையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. "நல்ல வேளை பிரிந்தோம்" என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸில் சால்மொனெல்லா கிருமி வளர வாய்ப்பு உண்டு. 2023 ஜனவரியில் கேரளம் அதைத் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஓராண்டுக்குத் தடை போட்டது. "பாட்டிலில் வருவது பாஸ்சரைஸ் பண்ணிய, அதாவது கிருமி சாகச் சூடாக்கிய முட்டை" என்றார் அத்தான். சரி, அது நியாயம். ஆனாலும் அதில் பெரும்பகுதி எண்ணெய்தானே? அப்புறம் கோழி ருசி எங்கே தெரியும்?

என் கட்சி தயிர். கெட்டித் தயிரை வேட்டித் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் வடிய விடுங்கள். அரை கிலோ நெஞ்சுக்கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் அடுப்படி முழுக்கப் பரவும். உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டு, கறி மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் கறி சக்கையாகிவிடும். கால் மணி நேரம் கழித்துத் தடித்த இடத்தில் கீறிப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

நன்றாக ஆறிய பிறகே தயிர். முதல் தடவை நான் அவசரப்பட்டுச் சூட்டோடு கலந்தேன். தயிர் நீர்த்து, மோர்க்குழம்பு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளரிக்காயையும் உப்புப் பிசறிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். சின்ன வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சை, கை நிறைய மிளகு. கடிபட வறுத்த நிலக்கடலை.

"இது பச்சடியில்லையா?" என்றார் அத்தான். இருக்கட்டுமே. 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டு விருந்துக்குச் செய்த கோழியில் இங்கிலாந்துக்காரர்களே கறி மசாலாப் பொடி போட்டார்கள். நாம் தயிர் விட்டால் மட்டும் குற்றமா?

மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். புனலூரில் மிஞ்சவில்லை. அத்தானே இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். அக்கா மகள்தான் அதன் மேல் தக்காளி சாஸை ஊற்றினாள். அந்தப் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.