பருப்பு நுரை யூரிக் அமிலம் அல்ல

"பருப்பு நுரைதான் யூரிக் அமிலம், குக்கரில் உள்ளேயே தங்கி மூட்டுகளைப் பிடிக்கும், உளுந்தஞ்சோறு வைக்காதீர்கள்" என்று நெல்லைப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. பருப்பின் புரதமும் மாவுச்சத்தும், சோப்புபோல் நுரைக்கும் சப்போனின் என்ற இயற்கைப் பொருளும் காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்குவதுதான் நுரை. பருப்புகளின் சப்போனின் அளவை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் பார்க்கலாம். யூரிக் அமிலம், உணவிலும் உடல் செல்களிலும் இருக்கும் பியூரின் என்ற பொருளிலிருந்து நம் உடலில் உண்டாவது. நுரையை வழித்தால் குறையாது. (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கி வலிக்கும் கவுட் நோய் உள்ளவர்கள் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்கட்டும்.) அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நுரையால் வரும் நிஜத் தொல்லை வேறு: விசில் துளையை அடைக்கும். உளுந்தஞ்சோற்றுக்கு ஒரு கப் அரிசி, அரை கப் வறுத்த தொலி (தோல் நீக்காத) உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ, நாலு கப் தண்ணீர் போட்டால் குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். எள்ளுத் துவையலை மட்டும் மறந்துவிடாதீர்கள்.