பாலும் விளையாட்டும்

குழந்தை வளர்ச்சியை மருத்துவர், உளவியலாளர், பொருளியலாளர் ஆகியோர் சேர்ந்தே ஆராய வேண்டும் என்னும் கருத்துக்கு, கரீபியன் தீவு நாடான ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வு வலுவான சான்று. 1986-87இல் அதன் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, சிலருக்குச் சத்துப்பால் மட்டும் தந்தார்கள். வேறு சிலரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்மாரைப் பழக்கினார்கள். இரண்டும் பெற்றவர்களும், எதுவும் பெறாதவர்களும் உண்டு. இருபது ஆண்டுகளுக்குப் பின் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, பணியாளர்கள் இப்படிச் சென்ற வீடுகளில் வளர்ந்தவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடியிருந்தது. பாலால் மட்டும் அத்தகைய நீடித்த பயன் விளையவில்லை. (ஊட்டச்சத்து தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.) 129 சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், உயரத்தையும் எடையையும் மட்டும் அளந்து நின்றிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டே இருக்காது.