சிரிப்போடு நுழையும் வெறுப்பு

தீவிரக் கருத்துகளைத் தலைவர்கள்தான் இயல்பாக்குகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் அது பாதிதான்; மீதி வேலையைச் சிரிப்பு செய்கிறது. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, எடுத்த எடுப்பிலேயே கொல்லச் சொல்லவில்லை. நல்ல பாட்டு, அரட்டை, நக்கல். நடுநடுவே, அங்கே சிறுபான்மை இனத்தவரான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இழிக்கும் பேச்சு. இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். 1994 ஏப்ரலில் டுட்சி மக்களின் படுகொலை தொடங்கியதும், அதே வானொலி கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை வாசித்தது. ஏறத்தாழ 100 நாட்களில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

அதனால்தான் “சும்மா தமாஷுக்கு” என்பதை என்னால் விட முடிவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தும் மீம் வந்தால், முதல் நாளே யாராவது “இது தப்பு” என்று எழுத வேண்டும். பத்தாவது மீமுக்கு அப்புறம் எழுதினால், எழுதியவரைத்தான் சண்டைக்காரர் என்பார்கள்.