அப்பா ஊரில் இருந்தால்தானே?
கிறிஸ்தவக் குடும்பத்தை ஆவிக்குரிய விதத்தில், அதாவது ஜெபத்திலும் விசுவாசத்திலும், நடத்த அப்பாதான் மகனைத் தயார் செய்ய வேண்டும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை அடித்துச் சொல்கிறது, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் அப்பா ஊரில் இருந்தால்தானே? தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும், மார்த்தாண்டம் பக்கம் பாதி வீட்டில் ஆள் வளைகுடாவில். அங்கெல்லாம் ஜெபத்தை நடத்துவது அம்மாவும் பாட்டியும்தான். பைபிளில் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது அப்போஸ்தலன் பவுல் எழுதுவதும் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் பெயர்களைத்தானே (2 தீமோ. 1:5), அப்பாவைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் கிரேக்கர் என்பதோடு சரி. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் வாசிப்பது முறை வைத்துத்தான், மகனுக்கு பைபிளின் தானியேல் புத்தகம் வந்த அன்று நேபுகாத்நேச்சார் என்ற ராஜாவின் பெயரில் நாக்கு சுளுக்கி எல்லோரும் சிரித்துவிட்டோம், ஆனாலும் அவனேதான் அதிகாரத்தை முடித்தான், பாட்டை எடுத்துக் கொடுத்தது மகள். மேலே கருத்து எழுதிய ஒருவர் மகனைச் சபையின் வாலிபர் முகாமுக்கு அனுப்பினால் போதும் என்கிறார். முகாமில் அழுது தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வருகிற பையன் வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூடக் கழுவுவதில்லை, நாளைக்கு அவன் மனைவிக்கு என்ன தலைமை தரப்போகிறான்? அப்புறம், பத்தாம் வகுப்பு வந்தவுடன் டியூஷனுக்காக ஞாயிறு பள்ளியை நிறுத்திவிடுகிற பெற்றோரைப் பற்றி கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம், சபை ஊழியத்தில் இருக்கிறவர்கள் வீட்டிலேயே அதுதான் நடக்கிறது.